இருக்கும் பற்களை வைத்துக்கொள்வோம்

மூத்தோருக்கான சுகாதார உரை

இங்கு வந்திருக்கும் ஐயாமார்களிடமும் அம்மாமார்களிடமும் முதலில் ஒரு கேள்வி. "வயதாகிவிட்டது, இனிப் பல் விழத்தானே செய்யும்?" என்று நீங்கள் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? பல் மருத்துவரிடம் வரும் மூத்தோர் பலர் இதைச் சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருகிறார்கள். முடி நரைப்பது போல, பல் விழுவதும் வயதின் கணக்கு என்று நம்புகிறோம்.

அது சரியல்ல. வயது மட்டுமே எந்தப் பல்லையும் விழ வைப்பதில்லை. பெரும்பாலும் பல்லை இழக்கச் செய்பவை இரண்டு நோய்கள். ஒன்று ஈறு நோய், மற்றொன்று பற்சொத்தை. இரண்டையும் தடுக்கலாம், வந்த பிறகும் கட்டுப்படுத்தலாம்.

ஜப்பானில் 1989-ஆம் ஆண்டு '8020' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 80 வயதிலும் சொந்தப் பற்கள் 20 இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நமக்கு ஞானப்பற்களையும் சேர்த்து 32 பற்கள். அவற்றில் 20 நல்ல நிலையில் இருந்தால், பல் செட் இல்லாமலே பெரும்பாலான உணவை மென்று சாப்பிட முடியும். இயக்கம் தொடங்கிய காலத்தில் அப்படி இருந்தவர்கள் மிகச் சிலர். 2016-இல் எடுத்த ஆய்வில், 80 வயதை எட்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் 20 பற்கள் இருந்தன. அந்த இடைவெளியில் மனித உடம்பு மாறிவிடவில்லை. பழக்கங்களும் பராமரிப்பும்தான் மாறின.

இன்று உங்களிடம் 20 பற்கள் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். எட்டுப் பற்கள் இருந்தாலும் அந்த எட்டும் முக்கியம். பல் செட்டைப் பிடித்து நிறுத்துவதற்கும் அவைதான் துணை.

முதலில் ஈறு நோயைப் பற்றிச் சொல்கிறேன். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் இது வலிக்காது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் வெண்மையான, பிசுபிசுப்பான ஒரு படலம் தினமும் படிகிறது. அது முழுக்க கிருமிகள். துலக்கி எடுக்காவிட்டால் சில நாட்களில் கல்போல இறுகிவிடும். அதைத்தான் காரை என்கிறோம். காரை படிந்த இடத்தில் ஈறு வீங்கும், இரத்தம் கசியும். பிறகு, பல்லைத் தாங்கும் எலும்பு உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மண் அரித்த மரம் போலப் பல் ஆடத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

ஆகவே வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா? வாய் நாற்றம் நீங்கவில்லையா? பற்கள் முன்பைவிட நீளமாகத் தெரிகின்றனவா? கொய்யாப்பழத்தைக் கடிக்கத் தயங்கி, கத்தியால் சிறிதாக நறுக்கித் தரச் சொல்கிறீர்களா? இவையெல்லாம் அடையாளங்கள். இரத்தம் வரும் இடத்தைப் புண் என்று நினைத்துத் தொடாமல் விட்டுவிடுவார்கள் பலர். உண்மையில் அந்த இடத்தில்தான் கிருமி அதிகம். மென்மையாக, ஆனால் விடாமல் துலக்க வேண்டிய இடம் அதுதான். புகைபிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புகைப் பழக்கம் ஈற்றில் இரத்தம் கசிவதைக் குறைத்துக் காட்டும். ஈறு நன்றாக இருப்பது போலத் தோன்றும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

நம் சமூகத்தில் நீரிழிவு உள்ளவர்கள் பலர். உங்களுக்கு இது இன்னும் முக்கியம். சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். மாத்திரையும் சாப்பிட்டு, சோற்றையும் குறைத்து, நடைப்பயிற்சியும் செய்து சர்க்கரை இறங்கவில்லை என்று வருந்துபவர்கள், ஈற்றையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றபின் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன.

அடுத்தது, அதிகம் பேசப்படாத ஒன்று: வாய் வறட்சி. நல்ல நிலையில் நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது சும்மா ஊறும் தண்ணீர் அல்ல. உணவுத் துணுக்கைக் கழுவும், அமிலத்தைத் தணிக்கும், பல்லின் மேற்பரப்புக்குத் தாதுச் சத்தைத் திருப்பித் தரும். இரத்த அழுத்தம், தூக்கமின்மை, மனச்சோர்வு, ஒவ்வாமை, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவற்றுக்குத் தரப்படும் மருந்துகளில் பல இந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். நாலைந்து மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு வாய் உலர்ந்துபோவதில் வியப்பில்லை.

வாய் உலர்ந்தால் என்ன செய்கிறோம்? இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்கிறோம். பையிலே ஒன்று, தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று. உமிழ்நீரும் இல்லாத வாயில் சர்க்கரை மணிக்கணக்கில் ஊறினால் பல் என்னவாகும்? அதுவும் வயதாகும்போது ஈறு இறங்கி, பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு மேலே உறுதியான எனாமல் கிடையாது. சொத்தை அங்கே எளிதாகப் பிடிக்கும். சிலருக்குப் பல் ஈற்றோரமாகவே ஒடிந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

மிட்டாய்க்குப் பதிலாக அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். ஆனால் சிங்கப்பூரில் அது மருந்தகத்தில் கேட்டு வாங்க வேண்டிய பொருள். வறட்சி மிகுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். தண்ணீர் என்றால் நம் குழாய்த் தண்ணீரே போதும். 1950களின் பிற்பகுதியிலிருந்து அதில் பல்லை உறுதிப்படுத்தும் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டு வருகிறது. காசு கொடுத்துப் புட்டி நீர் வாங்கத் தேவையில்லை.

இனிப்பைப் பற்றிப் பேசினால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். தீபாவளிப் பலகாரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதுடன், எத்தனை முறை சாப்பிடுகிறோம் என்பதும் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் கிருமிகள் அதை அமிலமாக்கும். அந்த அமிலம் தணிய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். சாப்பாட்டுடன் சேர்த்து இரண்டு அதிரசம் சாப்பிடுவதைவிட, ஒரு கிளாஸ் தே தாரிக்கை வைத்துக்கொண்டு காப்பிக்கடையில் இரண்டு மணி நேரம் சிறிது சிறிதாக உறிஞ்சுவது பல்லுக்குக் கெடுதல். பேச்சுத் துணைக்காகத்தான் காப்பிக்கடைக்குப் போகிறோம், அது தொடரட்டும். கோப்பி ஓ கோசோங், தே ஓ கோசோங் என்று கேட்டுப் பழகுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் 'சியூ டாய்' என்று தொடங்கலாம்.

துலக்கும் முறைக்கு வருவோம். காலையில் ஒருமுறை, இரவு படுக்கப்போகும் முன் ஒருமுறை, இரண்டு நிமிடம். ஒரே வேளைதான் முடியும் என்பவர் இரவு வேளையை விடாதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். மென்மையான இழைகள் உள்ள பிரஷ், ஃபுளோரைடு உள்ள பற்பசை போதும். பிரஷ்ஷைச் சற்றுச் சாய்த்து, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் வைத்துச் சிறு வட்டங்களாகத் துலக்குங்கள். பாத்திரம் தேய்ப்பது போல அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், வேர் தேயும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். பல் இடுக்குகளுக்கு, மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிறு இடுக்கு பிரஷ்களைப் பயன்படுத்துங்கள். ஊசி, ஊக்கு, தீக்குச்சி வேண்டாம். சிறு வயதில் உமிக்கரியும் செங்கல் தூளும் உப்பும் வைத்துத் தேய்த்தவர்கள் நம்மில் உண்டு. அவை சொரசொரப்பானவை. இளம் பல் தாங்கியிருக்கலாம், தேய்ந்த பல் தாங்காது. கைவிரல்கள் மடங்காமல் பிரஷ்ஷைப் பிடிக்கச் சிரமப்படுபவர்களுக்கு மின்சார பிரஷ் நல்லது. அதன் பிடியும் தடிமனாக இருக்கும்.

வெற்றிலை போடுபவர்களிடம் ஒரு வார்த்தை. விருந்துக்குப் பிறகு தாம்பூலம் என்பது நம் மரபு, நானும் அறிவேன். ஆனால் பாக்கு, புகையிலை சேராவிட்டாலும்கூட, வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடையும் உண்டு. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது. வலி இல்லை என்பது இங்கும் நல்ல செய்தி அல்ல.

பல் செட் அணிபவர்கள், இரவில் கழற்றிவிடுங்கள். ஈற்றுக்கும் ஓய்வு வேண்டும். இல்லாவிட்டால் அடியில் பூஞ்சை வளர்ந்து அண்ணம் சிவந்துவிடும். சாதாரண சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு கழுவுங்கள், பற்பசை அதில் கீறல் விழச் செய்யும். கொதிநீரில் போட்டால் செட் வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டால், கை தவறினாலும் உடையாது. இரவு முழுவதும் தண்ணீரில் கிடக்கட்டும். முழுச் செட் அணிந்து ஒரு பல்கூட இல்லாதவரும் ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செட் தளர்ந்திருக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

வீட்டில் படுத்த படுக்கையாகவோ மறதி நோயுடனோ யாராவது இருந்தால், அவரது வாயைச் சுத்தம் செய்வது பராமரிப்பவரின் வேலை. வாயில் பெருகும் கிருமிகள் மூச்சுடன் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். தலையை உயர்த்தி உட்காரவைத்து, பட்டாணி அளவு பற்பசை வைத்துத் துலக்கிவிடுங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது வேண்டாம், புரையேறும். இதைப் பணிப்பெண்ணுக்கும் சொல்லிக் காட்டுங்கள்.

செலவை நினைத்துத் தயங்குபவர்கள் கவனியுங்கள். முன்னோடித் தலைமுறை அட்டை, மெர்டேக்கா தலைமுறை அட்டை, நீல அல்லது ஆரஞ்சு நிற சாஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்கு, சாஸ் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் மானியம் உண்டு. மருந்தக வாசலில் சாஸ் அடையாளம் ஒட்டியிருப்பார்கள். சிகிச்சை வகைக்கேற்ப மானியத் தொகையும், ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பும் வேறுபடும். ஆகவே நாற்காலியில் உட்காரும் முன் "மானியம் போக நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அறுவைச் சிகிச்சை தேவைப்படும் சில பல் சிகிச்சைகளுக்கு மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். பல் மருத்துவப் பிரிவு உள்ள பலதுறை மருந்தகங்களுக்கும் போகலாம், ஆனால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

போகும்போது அட்டையுடன் உங்கள் மருந்துப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் பிடுங்கப் பயந்து நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய ஆபத்து. எலும்பு பலவீனத்துக்கு வாரம் ஒருமுறை மாத்திரையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியோ எடுப்பவர்களும் அவசியம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகள் உள்ள உடம்பில் பல் பிடுங்கிய இடத்துத் தாடை எலும்பு ஆறுவதற்குச் சில சமயம் சிரமப்படும். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

இப்போது மேசைமேல் இருக்கும் மாதிரிப் பல்வரிசையைச் சுற்றி அனுப்புகிறோம். ஒவ்வொருவரும் பிரஷ்ஷைக் கையில் எடுத்து, ஈற்றோரமாக அதைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்தம் போதும் என்று பக்கத்தில் வந்து காட்டுகிறோம். பல் செட் வைத்திருப்பவர்கள், கேட்க விரும்புவதைத் தனியாகக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம்.