கதவு பூட்டப்படும் முன்னே

(மாவடிப்பள்ளியில் நடந்த தொழிலாளர் ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்று வயல் சூழ்ந்த இந்த ஊருக்கு வந்து தொழிற்சாலை மூடலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில் இருக்கிறது மாவடிப்பள்ளி. அம்பாறைக்கு அப்பால் இருக்கிறது ஹிங்குராணை சீனித் தொழிற்சாலை. கரும்பும் தோட்டப் பயிர்தான். பறித்த கொழுந்து ஸ்டோருக்குப் போகாமல் காத்திருக்காது. வெட்டிய கரும்பும் ஆலைக்குப் போகாமல் காத்திருக்காது. ஆலை நின்றால் தோட்டமும் நிற்கும். மலையகத்திலும் அம்பாறையிலும் நமக்கு இது ஒரே பாடம்.

ஹிங்குராணையின் கதையை இங்குள்ள பெரியவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். கல்லோயாத் திட்டத்தின் பிள்ளை அது. 1960இல் இயங்கத் தொடங்கியது. பிறகு சீனிக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனது. 1990களில் தனியார்மயத்துக்குள் வந்தது. 1997இல் மூடப்பட்டது. அதற்குச் சில வருடம் முன்பே, 1993இல், கந்தளாய் சீனித் தொழிற்சாலை நின்றுபோயிருந்தது. இப்படிக் கிழக்கின் இரண்டு சீனித் தொழிற்சாலைகளும் ஐந்து வருடத்துக்குள் ஓய்ந்தன. நாட்டில் சீனிக்குத் தேவை குறைந்தா போனது? இல்லை. கப்பலில் வந்த சீனியைத்தான் நாம் தேநீரில் போட்டுக் குடித்தோம்.

அரசாங்கம் 51 வீதமும் தனியார் 49 வீதமும் பங்கு கொண்ட புதிய கம்பனியின் கீழ் ஹிங்குராணை 2012இல் மறுபடியும் சீனி தந்தது. நல்ல விடயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1997இல் 35 வயதாக இருந்த ஒரு மெக்கானிக்குக்கு 2012இல் வயது 50. இடையில் போன 15 வருடங்களில் அவருடைய பிள்ளைகள் வளர்ந்து முடித்துவிட்டார்கள். தொழிற்சாலையைத் திரும்பத் திறக்கலாம், அந்த வருடங்களைத் திரும்பக் கொடுக்க முடியாது. கரும்பு நின்ற காணிகளில் நெல் விதைக்கப்பட்டது. திறந்த பிறகு கரும்பா நெல்லா என்ற பிணக்கு வந்தது. தொழிற்சாலை ஒன்று மூடப்படும்போது கேற்றுக்கு உள்ளே நிற்பவர் மட்டும் வேலை இழப்பதில்லை. கரும்பு வெட்டுபவர், ஏற்றுபவர், உழவு மெசின்காரர், கேற்றடித் தேநீர்க் கடைக்காரர் என்று எல்லோரும் இழக்கிறார்கள். நட்டஈட்டுப் பட்டியலில் மட்டும் அவர்கள் பெயர் வராது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் நெக்ஸ்ட் கம்பனி தன் ஆடைத் தொழிற்சாலையை மூடியது. சுமார் 1,400 பேர் வேலை இழந்தார்கள். செலவு கூடிவிட்டது என்று கம்பனி காரணம் சொன்னது. முன்கூட்டித் தங்களுடன் பேசவில்லை என்று தொழிற்சங்கம் குற்றஞ்சாட்டியது. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், மார்ச்சில், அந்தக் கம்பனியின் தாய் நிறுவனம் பிரித்தானியாவில் நூறு கோடி பவுணுக்கு மேல் வருட இலாபம் கண்டதாக அறிவித்திருந்தது. ஆகவே, நட்டத்தில் ஓடும் தொழிற்சாலைதான் மூடப்படும், நம்முடையது பெரிய கம்பனி, நமக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. கம்பனி பெரிதாக இருந்தால் அதற்குப் போக வேறு நாடும் இருக்கும்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலாளரின் வேலையை முடிவுறுத்துவது பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் இரண்டில் ஒன்று வேண்டும் என்கிறது அது. ஒன்று, அந்தத் தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கும் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. தொழிற்சாலையை மூடுவதும் இதற்குள் வரும். “தற்காலிகமாக வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம்” என்று அனுப்புவதும் இதற்குள் வரும்.

எழுத்தில் சம்மதம் என்ற அந்த முதல் வழியில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள். ஒரு மேசை, ஒரு பேனை, ஒரு கடிதம். “இன்றைக்கு ஒப்பமிட்டால் இரண்டு மாதச் சம்பளம் கையில். நாளைக்கு வந்தால் அதுவும் இல்லை.” வீட்டில் கடன் இருப்பவருக்கு அந்தப் பேனையைத் தொடாமல் இருப்பது லேசில்லை. ஆனால் தொடும் முன் கணக்குப் போடுங்கள்.

ஆணையாளர் நாயகம் அனுமதி கொடுத்தால் நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை வருடத்துக்கு இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம். 20 முதல் 24 வரை ஒரு மாதம். அதன் பின் 34 வரை அரை மாதம். உச்ச வரம்பு 25 இலட்சம் ரூபாய். 8 வருடம் வேலை செய்த ஒரு தங்கச்சியின் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். பதினெட்டரை மாதச் சம்பளம், அதாவது 7 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். மேசையில் வைக்கப்பட்டது 80 ஆயிரம். ஒரு கையெழுத்தில் போவது 6 இலட்சத்து 60 ஆயிரம்.

சேவைக்காலப் பணிக்கொடை இதில் சேராது. அது தனி உரிமை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருடம் முடித்தவருக்கு வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் சம்பளம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சேமலாப நிதியில் நம்முடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், நம்பிக்கை நிதியில் முதலாளியின் 3 வீதமும் நம்முடையவை. இவற்றையும் நட்டஈட்டையும் ஒன்றாகக் கூட்டிப் பெரிய தொகையாகக் காட்டினால் ஏமாறாதீர்கள். நமக்கு ஏற்கெனவே சொந்தமானதை நமக்குத் தரும் பரிசுபோல் காட்டும் வேலை அது.

இந்தச் சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இது பொருந்தாது. 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவரைக் காக்காது. கொந்தராத்துக்காரர் மூலம் வந்தவரிடம் “நீ எங்கள் ஆள் இல்லை” என்று கம்பனி சொல்லிவிடும். கரும்பு வெட்டுக் காலத்துக்கு மட்டும் வருபவர், தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர், இவர்களெல்லாம் எந்தப் பட்டியலில்? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போன பிறகு பதிவுத் தொழிலாளர் தொகை பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. பெரும்பாலும் யாரும் கேற்றைப் பூட்டவில்லை. ஓய்வு பெற்றவரின் இடத்துக்குப் புதிய பெயர் பதியவில்லை, அவ்வளவுதான். இங்கேயும் அப்படித்தான். வெட்டு மெசின் வயலுக்கு இறங்கியபோது அரிவாளோடு போன குடும்பங்களுக்கு யாராவது கடிதம் கொடுத்தார்களா? சத்தமில்லாமல் நடந்த வேலைநீக்கம் அது.

ஆகவே எங்கள் சங்கம் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறது. வேலை இழந்தோருக்கான காப்புறுதி இந்த நாட்டில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சேமலாப நிதியையும் சாதாரணமாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை எடுக்க முடியாது. இடைக்காலத்தில் அடுப்பு எரிய ஒரு காப்புறுதி வேண்டும். இரண்டாவது, ஆலை மூடலுக்கு அனுமதி கேட்கும் விசாரணையில் கேற்றுக்கு வெளியே அந்த ஆலையை நம்பி உழைத்தவர்களின் குரலும் கேட்கப்பட வேண்டும்.

கோரிக்கை நிறைவேற நாளாகும். இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, கொந்தராத்துக்காரர் எழுதித் தரும் துண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். நாட்சம்பளக்காரர் வேலைக்குப் போன நாளை ஒரு கொப்பியில் தானே எழுதி வையுங்கள். 180 நாளை நிரூபிக்க உதவும். சேமலாப நிதிக் கணக்கைப் பாருங்கள். சம்பளத்தில் கழித்த காசு கணக்கில் விழவில்லை என்றால் அதுதான் முதல் எச்சரிக்கை. மேலதிக வேலை நிற்பது, பழுதான மெசின் திருத்தப்படாமல் கிடப்பது, புதிய ஓடர் வராதது, இவையும் எச்சரிக்கைதான். அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள். கேற்றில் பூட்டைக் கண்ட பிறகு வராதீர்கள். நிறுத்தப்பட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று. கடிதம் நீட்டப்பட்டால் “வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்” என்று சொல்லுங்கள். அது மரியாதையான பதில்; யாரும் கோபிக்க முடியாது. அந்தக் கடிதத்தோடு ஒருவர் தனியாக வந்தாலும் நாங்கள் பார்ப்போம். நூறு பேர் கையெழுத்திடாமல் சேர்ந்து வந்தால் கம்பனிதான் நம்மைத் தேடி வரும்.