டீச்சர் சம்பளத்துக்கு யார் குடுப்பா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "மாசம் ஐந்நூறு, ஆயிரம் குடுக்க முடியும். எங்க குடுக்கிறது? குடுத்தா உருப்படியா போய்ச் சேருமா?" நாலு பேரைச் சொல்லிட்டு நகர்ந்துடலாம்தான். ஆனா இந்த விஷயத்துல எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கு. அதுல நான் பண்ண தப்பும் இருக்கு. அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

வடசென்னையில, புளியந்தோப்பு பக்கம் ஒரு ஈவினிங் டியூஷன் சென்டர். ஒரு வீட்டோட கீழ் போர்ஷன்ல நடக்குது. ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் பசங்க வருவாங்க. நடத்துறது அதே தெருவுல பிறந்து வளர்ந்த ஒரு அக்கா, பி.எட் முடிச்சவங்க. பசங்க அவங்களை மிஸ்னு கூப்பிடுவாங்க, நான் அக்கான்னு கூப்பிடுவேன். சின்னதா ஒரு டிரஸ்ட், முறையா பதிவு பண்ணி 12ஏ, 80ஜி ரெண்டும் வாங்கி வச்சிருந்தாங்க. நான் 2018லேர்ந்து சனிக்கிழமை கணக்கு சொல்லிக் குடுக்கப் போவேன். இங்கிலீஷ்ல மெயில் எழுதத் தெரிஞ்ச ஆள் நான்தான்ங்கிறதால கொஞ்ச நாள்ல பேப்பர் வேலையும் என் தலையில வந்துடுச்சு.

ஒரு மாசத்துக்கு ஆகுற செலவைச் சொல்றேன். வாடகை 9,000. ரெண்டு டீச்சருக்கு சம்பளம் ஆளுக்கு 11,500, மொத்தம் 23,000. இபி பில், ஜெராக்ஸ், சாயங்காலம் ஒரு கப் சுண்டல் எல்லாம் சேர்த்து 6,000. கூட்டினா 38,000. இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

2022 பிப்ரவரியில ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் டீம்லேர்ந்து எனக்கு போன் வந்துச்சு. பிப்ரவரிங்கிறது தற்செயல் கிடையாது. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 என்ன சொல்லுதுன்னா: ஒரு கம்பெனியோட நிகர மதிப்பு 500 கோடியைத் தொட்டாலோ, விற்றுமுதல் 1,000 கோடியைத் தொட்டாலோ, நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலோ, கடந்த மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். மார்ச் 31க்குள்ள செலவாகாத பணத்தைத் தனிக் கணக்குல போடணும், இல்லன்னா அரசு சொல்ற நிதிக்கு அனுப்பணும். அதனால ஜனவரி ஆனா எல்லா ஆபீஸ்லயும் ஒரு பரபரப்பு வரும். "உங்ககிட்ட ரெடியா ஒரு ப்ராஜெக்ட் இருக்கா? பத்து நாள்ல பேப்பர் குடுக்க முடியுமா?" இந்த போனுக்காகத்தான் சின்ன டிரஸ்டுங்க வருஷம் பூரா காத்துக்கிட்டு இருக்கும். வாங்குறதுக்கும் கண்டிஷன் இருக்கு. சிஎஸ்ஆர்-1 ஃபார்ம் போட்டுப் பதிவு பண்ணியிருக்கணும், 12ஏவும் 80ஜியும் கையில இருக்கணும், அந்த வேலையில மூணு வருஷ அனுபவமும் காட்டணும். நேத்து நல்ல மனசோட ஆரம்பிச்ச ஆளுக்கு அந்தக் கதவு திறக்காது.

எங்ககிட்ட எல்லாம் இருந்துச்சு. நான் ராத்திரி உட்கார்ந்து அப்ளிகேஷன் எழுதினேன். அவங்க சொன்னாங்க, "ஒரு சென்டர்னா ரொம்ப சின்னதா இருக்கு. மூணு சென்டரா காட்டுங்க. பத்து டேப்லெட் தர்றோம், போர்டு வைக்கிறோம், ஃபர்னிச்சர் தர்றோம். சம்பளம் மட்டும் எங்க பாலிசில வராது, அது அட்மின் செலவு, அதுக்கு 5 சதவீதம்தான் லிமிட்."

அக்கா இதைக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தம்பி, அப்போ டேப்லெட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு?"

நான்தான் சமாதானம் சொன்னேன். முதல்ல உள்ள போயிடலாம்க்கா, அப்புறம் பேசிப் பார்க்கலாம், பெரிய பேரு, இந்த பேரைக் காட்டினா நாலு பேர் வருவாங்க. வாடகையையும் வாலண்டியர் ஊக்கத்தொகைன்னு ஒரு சின்ன தொகையையும் எப்படியோ உள்ள நுழைச்சோம். மூணு சென்டர் திறந்தோம். ஃபோட்டோ எடுத்தாங்க. ரிப்பன் கட் பண்ண அன்னிக்கு வந்த கூட்டம் அதுக்கு அப்புறம் ஒரு நாளும் வரலை.

இந்த 5 சதவீதம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா இதை நான் ரொம்ப லேட்டாதான் படிச்சேன். அந்த லிமிட் நிஜமாவே விதியில இருக்கு. ஆனா அது கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலையை நிர்வாகம் பண்ற செலவுக்கு. ஒரு ப்ராஜெக்டை நேரடியா நடத்துற செலவு அதுல சேராது. 2021ல கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட கேள்வி-பதில் விளக்கத்துல, கல்வித் திட்டம்னா டீச்சர் சம்பளம் திட்டச் செலவுலதான் வரும்னு தெளிவாவே போட்டிருக்காங்க. அதே மாதிரி, ஒரு ப்ராஜெக்டை ஆரம்பிச்ச வருஷத்தைத் தவிர இன்னும் மூணு வருஷம் தொடர்ச்சியா நடத்த சட்டம் அனுமதிக்குது. ஆக, சம்பளம் குடுக்காதன்னும் யாரும் சொல்லலை, ஒரே வருஷத்துல முடின்னும் சொல்லலை. ஆனா டேப்லெட்டை எண்ணலாம், படம் எடுக்கலாம், வருஷாந்திர அறிக்கையில போடலாம். ஒரு டீச்சர் தினமும் அஞ்சரை மணிக்கு வந்து கதவைத் திறக்கிறதை எப்படி படம் எடுப்பீங்க?

நான் அந்த விளக்கத்தை அன்னிக்கே படிச்சிருந்தா மீட்டிங்ல எடுத்து வச்சிருப்பேன். ஒத்துக்கிட்டிருப்பாங்களா, தெரியாது. கேட்டாவது இருக்கலாம்.

2023 மார்ச்சோட அந்த கிராண்ட் முடிஞ்சுது. புதுப்பிக்கலை. சண்டை எதுவும் இல்ல, அவங்க அடுத்த வருஷம் சுற்றுச்சூழல் பக்கம் போயிட்டாங்க, அவ்வளவுதான். ஒரு மரியாதையான மெயில் வந்துச்சு. ஜூன்ல ரெண்டு சென்டரை மூடினோம். அதுல ஒரு சென்டர்ல 34 பசங்க இருந்தாங்க. மெயின் ரோட்டைத் தாண்டி பழைய சென்டருக்கு நடந்து வரச் சொன்னோம். 11 பேர் வந்தாங்க. பொண்ணுங்களை இருட்டினதுக்கு அப்புறம் அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. அதுல என்ன தப்பு? பத்தாவது போற வருஷத்துல இடம் காட்டி, பழக்கிவிட்டு, கதவைச் சாத்தினது நாங்க. அப்படி ஒரு சென்டரே திறக்காம இருந்திருந்தா அந்தப் பசங்க வேற ஏதாவது டியூஷன் பார்த்திருப்பாங்க. இது என்னை ரொம்ப நாள் தூங்க விடலை.

டிசம்பர்ல மிக்ஜாம் புயல். எங்க பக்கமெல்லாம் தண்ணி நின்னது உங்களுக்கே தெரியும். சென்டர்ல முட்டி அளவு தண்ணி, கீழ் ஷெல்ஃப்ல இருந்த புத்தகம் எல்லாம் போச்சு. ஒரே வாரத்துல நாலு குரூப் வந்தாங்க. போர்வை, பிரெட், பால் பவுடர், நோட்டு. நல்ல மனுஷங்க, நேரத்துக்கு வந்தாங்க, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அன்னிக்கு ரெண்டு மாச வாடகை பாக்கி இருந்துச்சு. போர்வையை வச்சு வாடகை குடுக்க முடியாது. அன்னிக்கு வந்த நோட்டுக்கட்டுல பாதி இன்னும் பரண் மேல இருக்கு.

அப்பதான் அக்கா ஒரு மொய் நோட்டு வாங்கிட்டு வந்தாங்க. நிஜமாவே மொய் நோட்டு, மஞ்சள் தடவினது. "கல்யாணத்துல ஐநூறு ரூபா வச்சவனோட பேரை இருபது வருஷம் ஞாபகம் வச்சிருக்கோம். திரும்பச் செய்யணும்னு பயம் வேற. இதையும் அப்படி எழுதிப் பார்க்கலாம் தம்பி."

நம்ம ஊருக்கு இது புதுசு ஒண்ணும் இல்ல. விருதுநகர்ல காமராஜர் படிச்ச சத்திரிய வித்யாசாலா பிடி அரிசியில நடந்த பள்ளிக்கூடம். வீட்டுல சமைக்கிறப்போ ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வைப்பாங்க, அதைச் சேர்த்துதான் பள்ளிக்கூடச் செலவு. அதே ஊர்கள்ல வியாபாரிங்க கிட்ட மகமைன்னு ஒண்ணு இருந்துச்சு, வியாபாரம் ஆகுற சரக்குக்கு ஒரு சின்ன தொகை பொதுவுக்குன்னு ஒதுங்கிடும். யாரும் மேடையேறி செக் குடுக்கலை. கொஞ்சம் கொஞ்சமா, ஆனா நிக்காம வந்துச்சு. டீச்சருக்கு சம்பளம் குடுக்க அப்படிப்பட்ட பணம்தான் வேணும்.

ஆனா இதை ரொம்பப் புகழ்ந்துட்டும் போக முடியாது. மகமை ஒரு சமூகம் தனக்குத் தானே திரட்டிக்கிட்ட பணம். கோயில் கிணத்துல தண்ணி எடுக்க விடாத காலத்துல அவங்களுக்கு அது தேவையா இருந்துச்சு, சரி. இன்னிக்கு "லோக்கல்ல குடுங்க"ன்னு நான் சொன்னா, யாரோட லோக்கல்? எங்க சென்டர்லேர்ந்து நடந்து போற தூரத்துல பெரிய அப்பார்ட்மென்ட்டுங்க இருக்கு. அவங்க வாட்ஸ்அப் குரூப்ல வேற மாவட்டத்து முதியோர் இல்லத்துக்கு ஒரு ராத்திரியில பணம் சேரும். எங்க தெருப் பேரைச் சொன்னா மட்டும் ஒரு அமைதி. அந்த அமைதிக்கு என்ன காரணம்னு இந்த ஊர்ல வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. அந்த அப்பார்ட்மென்ட்லேர்ந்து இப்ப மூணு வீடு குடுக்குறாங்க. மூணுமே எங்க சென்டர் பசங்களோட அம்மா வீட்டு வேலை செய்யுற வீடுங்க. அந்த அம்மாங்கதான் கேட்டு வாங்கினாங்க. நானும் என் பிபிடியும் ஒண்ணும் கிழிக்கலை.

சரி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். உங்க ஏரியாவுல ஒரு சின்ன அமைப்பைப் பிடிங்க. என்ஜிஓ தர்பன் தளத்துல பதிவு இருக்கான்னு பாருங்க, ஆனா அது பதிவுக்கு மட்டும்தான் சாட்சி, வேலைக்கு இல்ல. வேலையைப் பார்க்கணும்னா சொல்லாம ஒரு சாயங்காலம் போய் அரை மணி நேரம் ஓரமா உட்காருங்க. போய் உட்கார்ந்தா "உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்காதீங்க, நோட்டுன்னுதான் சொல்வாங்க, பழக்கம். "எந்தச் செலவுக்கு யாருமே பணம் தர மாட்டேங்குறாங்க?"ன்னு கேளுங்க. முகம் மாறும் பாருங்க.

அப்புறம் 80ஜி. நீங்க பழைய வரி முறையில இருந்தா பொதுவா குடுத்ததுல பாதிக்கு கழிவு உண்டு, அதுக்கும் வருமானத்தை வச்சு ஒரு உச்சவரம்பு இருக்கு. 2,000 ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா கழிவு கிடையாது. டிரஸ்ட் கிட்டேர்ந்து 10பிஇ சர்டிபிகேட் கேட்டு வாங்கிக்கோங்க. புது வரி முறையில இருந்தா இந்தக் கழிவே இல்ல, உங்கள்ல பாதிப் பேர் அதுலதான் இருப்பீங்க. அதனால வரிக்காகன்னு யோசிக்காதீங்க. ஆட்டோபே போட்டு விடுங்க, 200 ரூபாயா இருந்தாலும் பரவாயில்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற 5,000ஐ விட மாசா மாசம் வர்ற 200 அக்காவுக்கு உபயோகம். அஞ்சாயிரம் வந்தா ஒரு ஃபேன் வாங்குவாங்க. இருநூறு வரும்னு தெரிஞ்சாத்தான் அடுத்த மாசம் டீச்சரை வரச் சொல்லலாம். நிறுத்தணும்னா ரெண்டு மாசம் முன்னாடி சொல்லிட்டு நிறுத்துங்க. சொல்லாம நிறுத்துறவங்கதான் அதிகம், நானே வேற ஒரு இடத்துல அப்படிப் பண்ணியிருக்கேன்.

கணக்குக்கு வர்றேன்னு சொன்னேன்ல. மொய் நோட்டுல இன்னிக்கு தேதிக்கு 52 பேர் இருக்காங்க. அதுல 19 பேர் அதே தெருக்காரங்க. அயர்ன் பண்ற அண்ணன் மாசம் 100 தர்றாரு. பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் டெலிவரி வேலையில இருக்கான், ஒரு மாசம் 300 வரும், ஒரு மாசம் 50 வரும், பூஜ்யம் வந்ததே இல்ல. எல்லாம் சேர்த்து சுமாரா 24,000 ஆகுது. டீச்சர் ரெண்டு பேர் சம்பளமும் போய் ஆயிரம் மிஞ்சும். வாடகைக்கும் சுண்டலுக்கும் இன்னும் 14,000 மாசா மாசம் தேடிக்கிட்டுதான் இருக்கோம்.

போன பிப்ரவரியில வேற ஒரு கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு. ஸ்மார்ட் போர்டு தர்றோம்னாங்க. நான் அந்த அமைச்சக விளக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கிட்டு அக்காவோட போனேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு டீச்சர் சம்பளம் குடுங்க, போர்டு வேணாம்னு சொன்னோம். மேல பேசிட்டுச் சொல்றேன்னாங்க. இன்னும் சொல்லலை. படிக்கட்டுல இறங்குறப்போ அக்கா கேட்டாங்க, "போர்டாவது வாங்கியிருக்கலாமோ தம்பி?"

எனக்கு பதில் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.