சிக்கனம் யார் தலையில்?

(சூரியநெல்லியில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நடத்தப்பட்ட அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நாட்டின் பாதுகாப்பு என்பது தளபதிகளும் அமைச்சர்களும் மட்டுமே பேசுவதற்குரியது என்ற எண்ணம் திட்டமிட்டு வளர்க்கப்படுகிறது. எல்லையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஏந்தும் துப்பாக்கியையும் குண்டையும் செய்தளிப்பவர் ஆலைத் தொழிலாளர். அதற்கான பணம் உழைக்கும் மக்களின் வரிப்பணம். ஆகவே பாதுகாப்புக் கொள்கை தொழிலாளி வர்க்கம் விவாதிக்க வேண்டிய பொருளே.

நிதி போதவில்லை, படையைச் சுருக்கி நவீனப்படுத்தியாக வேண்டும் என்பது ஒன்றிய அரசின் தரப்பில் முன்வைக்கப்படும் வாதம். கணக்கைப் பார்ப்போம். 2013-14இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 2.53 லட்சம் கோடி ரூபாய். 2025-26இல் அது 6.81 லட்சம் கோடி. ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் 13 சதவீதத்துக்கும் மேல். அதே ஆண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்குக் கிடைத்தது 86,000 கோடி. எனினும் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால், பாதுகாப்பின் பங்கு இரண்டு சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருப்பதும் உண்மை. ஆயுதங்களின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. நெருக்கடி இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. வெட்டு யார் மீது விழுகிறது என்பதே கேள்வி.

முதல் வெட்டு படைவீரர் மீது விழுந்தது. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அதன்பின் நிரந்தரமாக்கப்படுவோர் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் இல்லை. ஏனையோருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. முதலாண்டு ஊதியம் 30,000 ரூபாய். பிடித்தம் போகக் கையில் கிடைப்பது 21,000. வெளியேறும்போது வழங்கப்படும் 11.71 லட்சத்தைப் பெருங்கொடையாக விளம்பரம் செய்கின்றனர். அதில் 5.02 லட்சம் வீரரின் சொந்த ஊதியத்திலிருந்து பிடித்த பணம். அரசு தருவது மற்றொரு 5.02 லட்சம். எஞ்சியது வட்டி.

இந்த ஏற்பாடு தோட்டத் தொழிலாளர்களுக்குப் புதிதன்று. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியை வரம்பாக வைத்தது. அவ்வரம்பை எட்டுமுன் ஆளை மாற்றிவிடும் தந்திரத்தைப் பல தொழில்களிலும் தொழிலாளர்கள் கண்டிருக்கின்றனர். நிரந்தரத் தொழிலாளி ஓய்வுபெற்ற இடத்தில் தற்காலிகத் தொழிலாளியை நிறுத்தும் முறையை, அரசே இப்போது படைக்குள் கொண்டு வந்திருக்கிறது.

ஓய்வூதியச் சுமையைக் குறைக்க வேறு வழி இல்லை என்று வாதிடுவோர் உண்டு. 2025-26இல் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கான ஒதுக்கீடு 1.61 லட்சம் கோடி. மொத்த ஒதுக்கீட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெருந்தொகைதான். ஆனால் பழைய முறையில் 2022இல் சேர்ந்திருக்கும் ஒரு வீரர் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே ஓய்வூதியம் பெறத் தொடங்கியிருப்பார். ஆகவே இன்றைய ஓய்வூதியச் செலவில் ஒரு ரூபாயைக் கூட இத்திட்டம் குறைக்காது. பலன் என்றோ வரும். இழப்பு மட்டும் இன்றே வந்துவிட்டது. 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குச் சென்ற தரைப்படையின் முதல் அணிக்கு 2026 இறுதியோடு நான்காண்டுகள் நிறைவடைகின்றன. அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் வேலை தேடி நிற்பர்.

நவீனப் போருக்கு இளைஞர்களும் தொழில்நுட்பமும் போதும் என்பது அடுத்த வாதம். நவீன ஆயுதம் நுட்பமானது. அதைக் கையாளப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். கருவி சிக்கலாகச் சிக்கலாகப் பயிற்சியைச் சுருக்குவது முரண்பாடு. வள்ளுவர் படைமாட்சி அதிகாரத்தில் தோல்விக் காலத்திலும் நிலைகுலையாது நிற்பது தொல்படையே என்கிறார். கூலிப்படை உள்ளிட்ட அறுவகைப் படைகளுள் மூலப்படையே சிறந்தது என்பது உரையாசிரியர் பரிமேலழகர் தரும் விளக்கம். மன்னராட்சிக் காலத்தவர் அறிந்திருந்த இந்த உண்மையைக் கணக்குப்பிள்ளைகள் மறந்துவிட்டனர்.

2022 பிப்ரவரியில் மூண்ட உக்ரைன் போர் மற்றொரு பாடத்தையும் தந்தது. மலிவான டிரோன்கள் விலையுயர்ந்த டாங்கிகளை அழித்தன. அதே போரில் பழைய பீரங்கிக் குண்டுக்கும் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஓராண்டில் பத்து லட்சம் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் வாக்களித்த ஐரோப்பிய ஒன்றியத்தால் அதை நிறைவேற்ற இயலவில்லை. லாபம் தராத உற்பத்தித் திறனைத் தனியார் மூலதனம் அமைதிக் காலத்தில் பேணி வைத்திருக்காது. அத்திறனைப் பேணக்கூடியது பொதுத்துறையே.

இந்தியாவில் இரண்டாம் வெட்டு அந்தப் பொதுத்துறை மீதே விழுந்தது. இங்குள்ளதைப் போன்றே தேயிலை சூழ்ந்த நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட்டின் மையம் உள்ளது. அதற்கு அருகிலேயே வெடிமருந்து தயாரிக்கும் அருவங்காடு ஆலை இருக்கிறது. வீரரும் தொழிலாளியும் ஒரே மலையில் பக்கம் பக்கமாக நிற்கின்றனர். இருவர் மீதும் ஒரே கொள்கை பாய்ந்தது. நிறுவனமாக்கலை எதிர்த்து ஆயுத ஆலைத் தொழிலாளர்கள் 2019 ஆகஸ்ட் 20 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இறுதி முடிவு எடுக்கப்படவில்லை என்று அரசு கூறியதால் சில நாள்களில் அதை ஒத்திவைத்தனர். மறு ஆண்டு மே மாதம், ஊரடங்கின் நடுவே, நிறுவனமாக்கல் அறிவிப்பு வந்தது. 2021 ஜூனில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று அருவங்காடு, ஆவடி, திருச்சி ஆலைகள் உள்ளிட்ட 41 ஆலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன.

அவ்வாலைகளின் தரம், தாமதம் குறித்துக் குறைகள் கூறப்பட்டதுண்டு. அவற்றுக்குத் தீர்வு நவீன இயந்திரமும் நிலையான கொள்முதல் ஆணைகளும் தொழிலாளர் பங்கேற்பும்தான். ஏழு நிறுவனங்களும் இன்று அரசுடைமையாக இருப்பினும், நிறுவனமாக்கல் பங்கு விற்பனைக்குக் கதவு திறக்கும் என்ற தொழிலாளர்களின் அச்சம் நியாயமானது. பாதுகாப்பு உற்பத்தியில் தானியங்கி வழியில் அந்நிய நேரடி முதலீட்டு வரம்பை 49இலிருந்து 74 சதவீதமாக 2020இல் உயர்த்தியது இதே அரசு.

தோழர்களே! படையில் சேரும் கனவோடு லயங்களிலிருந்து ஓடிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளை எவரும் குறைகூற வேண்டாம். வேலையில்லாக் கொடுமையே அவர்களை அந்த வரிசையில் நிறுத்துகிறது. அவர்களுடைய பெற்றோரிடம் இந்தக் கணக்கைக் கொண்டு செல்ல வேண்டும். அக்னிபத்தைத் திரும்பப் பெற்று முறையான ஆள்சேர்ப்பை நடத்துக. ஆயுத ஆலைகளை மீண்டும் அரசுத் துறையாக்குக. ஆயுத இறக்குமதி ஒப்பந்தங்களை நாடாளுமன்ற ஆய்வுக்கு உட்படுத்துக. எல்லைச் சிக்கல்களைப் பேச்சுவார்த்தையால் தீர்த்துப் படைச்செலவின் தேவையையே குறைத்திடுக! இவை வீரருக்கு எதிரான கோரிக்கைகள் அல்ல. வீரருக்காகவும் அவரை அனுப்பிவைக்கும் குடும்பங்களுக்காகவும் எழுப்பப்படும் கோரிக்கைகள்.