மனு அவங்களோடது, டைப்பிங் மட்டும் நம்மளோடது

இன்னைக்கு எபிசோட்ல கூகுள் டாக்ஸ். "அது தெரியாதா, காலேஜ் அசைன்மென்ட் எல்லாம் அதுலதானே அடிச்சோம்"னு நீங்க சொல்றது காதுல விழுது. பொறுங்க. நமக்காக எழுதறப்போ கண்ணுலயே படாத சில வசதிகள், இன்னொருத்தருக்காக எழுதறப்போ ரொம்பத் தேவைப்படும். அதைப் பத்திதான் பேசப்போறோம்.

ராஜபாளையம் பக்கத்துல சோழபுரம்னு வச்சுப்போம். அங்க இருக்கிற உங்க பெரியம்மா, தெருவுக்குத் தண்ணி ஒழுங்கா வரலைன்னு கிராம சபையில மனு கொடுக்கணும்ங்கிறாங்க. தமிழ்நாட்டுல இப்போ வருஷத்துக்கு 6 கிராம சபைக் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீங்க சென்னையில இருக்கீங்க. அவங்க ஃபோன்ல சொல்றாங்க, நீங்க எழுதறீங்க.

இங்கதான் சிக்கல். அவங்க "மூணு நாளைக்கு ஒருக்க வருது, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு"ன்னு சொல்லுவாங்க. நாம "குடிநீர் விநியோகம் சீராக இல்லை"ன்னு அழகா எழுதிடுவோம். மூணு நாளும் போச்சு, ரெண்டு மணியும் போச்சு. அதிகாரி பார்க்க வேண்டிய விஷயமே அந்த ரெண்டும்தான்!

அதனால முதல் வசதி, வாய்ஸ் டைப்பிங். லேப்டாப்ல குரோம் பிரவுசர்ல டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் மெனுவுக்குள்ள போங்க. மைக் படத்துக்கு மேல மொழியை மாத்தலாம். தமிழ்லயே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியான்னு தனித்தனியா இருக்கு. ஊருக்குப் போயிருக்கப்போ பெரியம்மாவை முன்னாடி உட்கார வச்சுப் பேசச் சொல்லுங்க. இல்லைன்னா டாக்குமென்ட் லிங்க்கை அனுப்பிட்டு, அவங்க ஃபோன் கீபோர்டுல தமிழைச் சேர்த்துக் கொடுங்க. மைக்கை அழுத்திப் பேசினா போதும். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் பெரும்பாலும் நாமதான் போடணும். ஆனா வார்த்தை அவங்களோடது.

ரெண்டாவது, பழைய காகிதம். போன வருஷம் கொடுத்த மனு பிரின்ட்அவுட்டா வீட்ல இருக்கும். அதை நேரா, வெளிச்சத்துல போட்டோ எடுத்து கூகுள் டிரைவ்ல ஏத்துங்க. கம்ப்யூட்டர்ல அந்தப் படத்து மேல ரைட் கிளிக் பண்ணி, 'ஓப்பன் வித்' போய் டாக்ஸைத் தேர்ந்தெடுங்க. படத்துக்குக் கீழயே அதுல இருக்கிற தமிழ் எழுத்தா வந்து நிக்கும். டைப்பிங் சென்டர்ல பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் உங்க சிஸ்டத்துல கன்னாபின்னான்னு தெரியுதா? அதோட பிரின்ட்அவுட்டுக்கும் இதே வைத்தியம்தான்.

இது சும்மா விளையாட்டு இல்ல. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் த. சீனிவாசன் இதே டிரைவ் வசதியை வச்சு ஒரு கருவி எழுதினார். தமிழ் விக்கிமூலத்துல 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் ஸ்கேன் படத்துல இருந்து எழுத்தா மாறுனது அப்படித்தான். அதோட அங்க வேலை முடியல. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமா உட்கார்ந்து பிழை திருத்துறாங்க, ஏன்னா மெஷின் துணைக்காலை 'ர'ன்னு படிச்சிடும். நீங்களும் பேரு, தேதி, சர்வே நம்பர் மூணையும் கண்ணால சரிபாருங்க.

மூணாவது, சஜஸ்டிங் மோட். வலது பக்கம் மேல பென்சில் படம் இருக்குல்ல, அதுல மாத்திக்கலாம். அப்புறம் நீங்க எதை அழிச்சாலும் கோடு விழும், சேர்த்தது வேற கலர்ல தெரியும். எதிராளி ஒத்துக்கிட்டாத்தான் அது நிக்கும். 'ரெண்டு மணி'யை நீங்க வெட்டினா, பெரியம்மாவோ பக்கத்து வீட்டுத் தம்பியோ பார்த்து "அது இருக்கட்டும்"னு சொல்ல முடியும்.

நாலாவது, வெர்ஷன் ஹிஸ்டரி. ஃபைல் மெனுவுல இருக்கு. யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு காட்டும், பழைய நிலைக்கும் திரும்பலாம். இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. மனுவுல ஆதார் நம்பர் போட்டு, அப்புறம் யோசிச்சு அழிச்சீங்கன்னா, எடிட் உரிமை இருக்கிற எல்லாரும் ஹிஸ்டரியில போய் அதைப் பார்க்கலாம். தெரு வாட்ஸ்அப் குரூப்ல போடறதுக்கு முன்னாடி 'மேக் எ காப்பி' கொடுங்க. புதுப் பிரதிக்குப் பழைய ஹிஸ்டரி வராது. அந்தப் பிரதியை 'வியூவர்' உரிமையோட மட்டும் பகிருங்க. 2018 ஜூலையில ரஷ்யாவோட யாண்டெக்ஸ் தேடல்ல பலரோட கூகுள் டாக்ஸ், பாஸ்வேர்ட் உட்பட, வந்து விழுந்துச்சு. எல்லாரும் பார்க்கலாம்னு திறந்து விட்டிருந்த ஃபைல்கள் அவை.

கடைசியா, நம்ம ஊர்ச் சரக்கு. ராஜபாளையத்துல இருந்து தெற்க தென்காசிக்குப் போனா, பக்கத்துல மத்தளம்பாறையில ஜோஹோ ஆபீஸ் இருக்கு. அவங்களோட ஜோஹோ ரைட்டர் வந்தது 2005-ல. பின்னாடி கூகுள் டாக்ஸா மாறின ரைட்லியை கூகுள் வாங்கினது 2006 மார்ச்சுல. ரைட்டர்ல மெயில் மெர்ஜ் உள்ளயே இருக்கு. தெருவுல 40 வீடுன்னா, பேரு, கதவு எண், எத்தனை நாளைக்கு ஒருக்க தண்ணி வருதுன்னு ஒரு ஷீட்ல போடுங்க. 40 மனு தனித்தனியா வந்துடும். ஒவ்வொண்ணுலயும் அந்தந்த வீட்டுக் கணக்கு இருக்கும்.

பிரின்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி. முழுசா ஒருதடவை பெரியம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. "ஆமா, இதைத்தான் சொன்னேன்"னு அவங்க சொல்லட்டும். கையெழுத்து போடப்போறது அவங்க.

அடுத்த எபிசோட்ல, அரசு ஆன்லைன் படிவங்களை ஃபோன்லயே நிரப்புறது எப்படின்னு பார்ப்போம். வரட்டுமா!