ஒரே ஃபைலுக்கு நாலு அளவு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசு, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் நாம் தினமும் பார்த்தும் கவனிக்காத ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் அதன் அளவு போட்டிருக்குமே, அந்த எண்தான்.

என் ஊர் நோணாங்குப்பம். கடலூர் ரோட்டில், சுண்ணாம்பாறு படகுத்துறை இருக்கும் ஊர் என்றால் எல்லாருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "தம்பி, பாப்பாவோட அப்ளிகேஷன் போக மாட்டேங்குது. இன்னிக்கு ராத்திரியோட கடைசியாம்" என்றார். மேற்படிப்புச் சேர்க்கைக்கான விண்ணப்பம் அது. எல்லாம் பூர்த்தி செய்தாகிவிட்டது. புகைப்படம் மட்டும் ஏறவில்லை. 'படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும்' என்று சிவப்பு எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, இங்க 49.6 கேபின்னுதானே காட்டுது? 50க்கு உள்ளதானே?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த உரை.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு ஃபைலில் சரியாக 23,506 பைட் இருக்கிறது என்று வையுங்கள். நாம் பல காலமாகப் பழகிய விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் பட்டியலில் அது 23 கேபி. அதே ஃபைலின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால் 22.9 கேபி. அதற்கு அடுத்த வரியில், வட்டில் பிடிக்கும் இடம் 24 கேபி. லினக்ஸில் க்னோம் ஃபைல் மேனேஜரில் பார்த்தால் 23.5. ஒரே ஃபைல், நாலு அளவு. எதுவும் பொய் இல்லை!

முதல் காரணம், 'கிலோ' என்ற சொல். பிரெஞ்சுக்காரர்கள் 1795-ல் மெட்ரிக் அளவைச் சட்டமாக்கியபோது கிலோ என்றால் ஆயிரம் என்று வைத்தார்கள். கம்ப்யூட்டர்காரர்களுக்கு இரண்டின் அடுக்குகள்தான் வசதி. 1024 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையும் கிலோ என்றே அழைத்துவிட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. புதுச்சேரிப் பக்கம் ஒரு குழி நிலம் என்றால் 576 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஒரு குழி 144 சதுர அடி. பெயர் ஒன்று, அளவு வேறு. எந்த ஊர்க் குழி என்று கேட்காமல் கிரயம் பேசினால் என்ன ஆகும்? கேபி விஷயத்திலும் அதே கதைதான்.

கிலோவில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம். மெகாவில் 4.9, கிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10. ஒரு டெராபைட் வட்டு வாங்கி மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதும், 'கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்று நாம் சண்டைக்குப் போவதும் இதனால்தான். வட்டு செய்பவர் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இந்தக் குழப்பம் தீர, 1998-ல் ஐ.இ.சி. என்ற சர்வதேச அமைப்பு 1024-க்குத் தனியாக 'கிபி', 'மெபி' என்று பெயர் வைத்தது. பேச்சு வழக்கில் அது ஒட்டவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009-ல் தன் மேக் கம்ப்யூட்டர்களில் ஆயிரம் கணக்குக்கே மாறிக்கொண்டது.

இரண்டாவது காரணம், முழுமையாக்கும் விதம். எக்ஸ்ப்ளோரர் பட்டியல் எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்கும். ஒரே ஒரு பைட் இருந்தாலும் 1 கேபி என்று காட்டும். 0 கேபி என்று கண்டால் அந்த ஃபைல் உண்மையிலேயே காலி. ப்ராப்பர்ட்டீஸோ மிச்சத் தசமத்தை வெட்டிவிடுகிறது. 23,506-ஐ 1024-ஆல் வகுத்தால் 22.95 வரும். அதில் 22.9 மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்றாவது, வட்டில் பிடிக்கும் இடம். எங்கள் ஊர்ப் படகுத்துறையில் ஒருத்தர் ஏறினாலும் ஒரு முழுப் படகுதான் கிளம்ப வேண்டும். வட்டிலும் அப்படித்தான். இடத்தைக் 'கிளஸ்டர்' என்ற துண்டுகளாகத்தான் கொடுக்கும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஒரு துண்டு பொதுவாக 4096 பைட். நம் ஃபைலுக்கு ஆறு துண்டு வேண்டும். அதுதான் அந்த 24 கேபி.

'நோணாங்குப்பம்' என்று ஒரே ஒரு சொல்லை மட்டும் யூனிகோடில் (யு.டி.எஃப்.-8) தட்டிச் சேமித்துப் பாருங்கள். நாம் எண்ணினால் ஏழு எழுத்து. கம்ப்யூட்டர் ஒற்றையும் கொம்பையும் காலையும் தனியாக எண்ணும், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 39 பைட். பட்டியலில் அது 1 கேபி. 32 ஜிபி பென்டிரைவில் ஃபேட்-32 முறையில் போட்டால் பொதுவாக 16 கேபி இடத்தை அடைத்துக்கொள்ளும்!

இப்போது அந்தப் பெண்ணின் படத்துக்கு வருவோம். ப்ராப்பர்ட்டீஸில் 49.6 கேபிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 50,800 பைட் என்று இருந்தது. அந்த இணையதளம் 50 கேபி என்பதை 50,000 பைட் என்று எடுத்துக்கொண்டது. 800 பைட் அதிகம். படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சேமித்தேன், ஏறிவிட்டது. மணி பதினொன்று ஐம்பது. "நல்லவேளை தம்பி" என்று அந்த அம்மா கும்பிட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏன் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு விண்ணப்பத் தளத்துக்கு இதே பரிசோதனையை எழுதியவன் நான். 2 எம்பி வரம்பு என்றார்கள். நான் இருபது லட்சம் பைட் என்று எழுதினேன். "1.95 எம்பிதான் காட்டுது, ஏற்ற முடியவில்லை" என்று புகார்கள் வந்தன. 'ஃபைலைச் சுருக்கி மறுபடி பதிவேற்றவும்' என்று ஒரே வரியில் பதில் போட்டு எல்லாவற்றையும் மூடினேன். தப்பு அவர்கள் மேல் என்றே நினைத்தேன். அவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு இன்ஜினியர் இருந்திருப்பார்? எத்தனை பேர் அன்றோடு விட்டுவிட்டார்கள்? எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு வரம்பை எழுதுவீர்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். முழுமையாக்கிய எண் கண்ணுக்குக் காட்ட மட்டும்தான். முடிவு எடுப்பது பைட் கணக்கில் இருக்கட்டும். இரண்டாவது, எந்தப் பக்கம் முழுமையாக்கினால் ஆளுக்கு நஷ்டம் வராது என்று பாருங்கள். ஃபைல் அளவை மேலே ஏற்றிக் காட்டுங்கள், காலி இடத்தைக் கீழே இறக்கிக் காட்டுங்கள். மூன்றாவது, மறுக்கும்போது 'உங்கள் படம் 50,800 பைட், வரம்பு 50,000 பைட்' என்று இரண்டையும் ஒரே அளவில் சொல்லிவிடுங்கள். வாசலில் நிற்கிறவருக்கு, எவ்வளவு குனிய வேண்டும் என்றாவது தெரியட்டும். முடிந்தால் வரம்பையே கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். 1000-க்கும் 1024-க்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைத் தாங்க வேண்டியது நாம்தான், கடைசி நாள் இரவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அல்ல.