பழைய டிராக்டருக்கு எந்த எண்ணெய்?



தோட்டப்புறத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர் யாரிடமாவது, "கியர் பெட்டிக்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "தொண்ணூறு நம்பர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். லாரிக்கும் தொண்ணூறு, பழைய காருக்கும் தொண்ணூறு, ஆகவே டிராக்டருக்கும் அதுவே என்பது கணக்கு. எண்ணெய் தடிப்பாக இருந்தால் பற்சக்கரங்களுக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் இதில் கலந்திருக்கிறது. ஆனால் மெஸ்ஸி ஃபெர்குசன் 135 போன்ற பழைய டிராக்டருக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இந்த 135, 1964ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி 1975 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரானது. அதற்கு முன்னோடி, 1946 முதல் 1956 வரை அதே நகரில் தயாரான சாம்பல் நிறச் சிறிய ஃபெர்குசன். அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் வகுத்த அமைப்புதான் இரண்டிற்கும் அடிப்படை. வயது ஐம்பதைக் கடந்தும், ஒழுங்காகக் கவனித்துக்கொண்டால், இந்த வண்டிகள் இன்றும் உழைக்கும். அதனால்தான் சிறுதோட்டக்காரர்கள் இவற்றை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

லாரியின் கியர் பெட்டியில் பற்சக்கரங்களும் தண்டுகளும் மட்டுமே இருக்கின்றன. அங்கே எண்ணெய்க்கு முக்கியமாக ஒரே வேலை: பல்லோடு பல் தேயாமல் காப்பது. இந்த டிராக்டரில் அப்படியன்று. கியர் பெட்டி, நடுப்பெட்டி, பின் அச்சு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பின்புறம் கலப்பையைத் தூக்கும் இரண்டு கைகளை உயர்த்துகிறதே ஹைட்ராலிக் பம்பு, அதுவும் அந்த எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. டிப்பர் டிரெய்லரைச் சாய்ப்பதும் அதே எண்ணெய்தான். எனவே நாம் "கியர் எண்ணெய்" என்று சொல்லி ஊற்றுவது உண்மையில் இரண்டு வேலை பார்க்கும் எண்ணெய்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பம்பைக் கட்டுப்படுத்தும் வால்வை ஃபெர்குசன், எண்ணெய் உள்ளே இழுக்கப்படும் பக்கத்தில் வைத்தார். பம்பு ஒரு குறுகிய வழியாக எண்ணெயை உறிஞ்ச வேண்டும். மெல்லிய குழாய் வைத்துத் தண்ணீர் குடிப்பது எளிது. அதே குழாயில் கூழைக் குடிக்கச் சொன்னால் கன்னம் ஒட்டிப் போகும் அல்லவா? தடித்த எண்ணெயில் பம்பின் பாடும் அதுதான். கைகள் மெதுவாக உயரும், நடுங்கும், பம்பு இரையும். ஓட்டுநர் பம்பு போய்விட்டது என்று எண்ணி, புதியதற்குக் காசு தேடுவார்.

காசு போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 135 வண்டிகளில் சிலவற்றில் "மல்டி பவர்" என்ற அமைப்பு உண்டு. கிளட்சை மிதிக்காமலே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு கைப்பிடி இருக்கும். அதைக் குறைந்த வேகத்தில் வைத்து இறக்கத்தில் இறங்கினால், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. வண்டி தானாக உருண்டோடும். அதிக வேகத்தில் வைத்தால்தான் எஞ்சின் பிடிக்கும். அந்தப் பிடியைத் தருவது எண்ணெய்க்குள் இயங்கும் ஒரு சிறு கிளட்ச். பொருந்தாத எண்ணெய் ஊற்றி அது வழுக்க ஆரம்பித்தால், அந்தப் பிடியும் போய்விடும். பின்னால் டிரெய்லர் நிறையச் செம்பனைக் குலை, முன்னால் மழையில் நனைந்த செம்மண் இறக்கம். அந்த இருக்கையில் இருப்பவர் உங்கள் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம்.

சரி, எதை வாங்குவது? டின்னின் மேல் ஆங்கிலத்தில் "யு.டி.டி.ஓ." என்ற நான்கு எழுத்துகளைத் தேடுங்கள். டிராக்டரின் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் சேர்த்துச் செய்த எண்ணெய் என்பதற்கு அது அடையாளம். அதோடு, மெஸ்ஸி ஃபெர்குசன் நிறுவனம் தரும் தர எண்ணான "எம் 1135" அதில் குறிக்கப்பட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். தடிப்பு 10டபிள்யூ-30 அல்லது 20டபிள்யூ-30 என்று இருக்கும். நம் நாட்டில் பனிக்காலம் இல்லை ஆகையால், முதலில் வரும் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

"முப்பதா? தொண்ணூறுக்குப் பதில் முப்பதா?" என்று சிலர் திடுக்கிடுவார்கள். எஞ்சின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோல், கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோல். அறுபது மைல் என்றாலும் தொண்ணூற்றாறு கிலோமீட்டர் என்றாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றே, எண்தான் வேறு. அதுபோல, கியர் கணக்கில் தொண்ணூறு என்பது எஞ்சின் கணக்கில் நாற்பது, ஐம்பதுக்குப் பக்கத்தில்தான் வரும். யு.டி.டி.ஓ. எண்ணெயின் எண் எஞ்சின் அளவுகோலில் எழுதப்படுவது.

கடைக்காரர் "இது உயர்ந்த சரக்கு" என்று "ஜி.எல். 5" எழுதிய டின்னை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கெட்ட எண்ணெய் அன்று. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சுழலும் கார், லாரிப் பின் அச்சுகளுக்காகச் செய்தது. அதில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து நிறைய உண்டு. சூடேறும்போது அந்தக் கந்தகம் வெண்கலத்தையும் பித்தளையையும் அரிக்கக் கூடும். பழைய இயந்திரங்களில் வெண்கல புஷ்கள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஸ்டியரிங் பெட்டி மட்டும் தனி. அங்கே தொண்ணூறு நம்பர் ஊற்றலாம். வேறு நிறுவன டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி இருப்பதும் உண்டு. ஆகவே அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கையேடு ஆங்கிலத்தில் இருந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவனுக்கும் அது ஒரு பாடம்.

நல்ல எண்ணெய் வாங்கியும் கெட்டுப் போவதற்கு நம் ஊரில் முதற்காரணம் மழை. கியர் கம்பியின் அடியில் ஒரு ரப்பர் உறை இருக்கும். அது வெடித்திருந்தால், வெளியில் நிறுத்திய வண்டிக்குள் மழைநீர் கம்பி வழியே இறங்கும். அளவுக் கோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உறையை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரையின் கீழ் புதுப்பாய் விரிப்பது போலத்தான். வண்டி வேலை செய்து சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடிக்க வேண்டும். அடியில் வடிகால் ஆணி ஒன்றுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றையும் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் வலை வடிகட்டியையும் கழுவிவிடுவது நல்லது.

ஊற்றும்போது வண்டி சமதரையில் நிற்கட்டும், தூக்கும் கைகள் தாழ்ந்திருக்கட்டும். கோலில் உள்ள குறிக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். "கொஞ்சம் அதிகமாக இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அதிகப்படியான எண்ணெய், சரிவில் நிற்கும்போது பின் அச்சின் ஓரத்துக்கு ஓடி, தேய்ந்த சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய்ச் சேரும். எண்ணெய் குடித்த பிரேக் கட்டை பிடிக்காது. பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்த கறை தெரிந்தால், சீலையும் கட்டையையும் மாற்றும்வரை அந்த வண்டி சரிவுக்குப் போகக் கூடாது.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? கரையானுக்கென்று வீட்டுத் தூணில் பூசுவதும், கால்வாயில் ஊற்றுவதும் தோட்டங்களில் பழகிப்போன வழக்கம். 2005ஆம் ஆண்டின் விதிகளின்படி மலேசியாவில் கழிவு எண்ணெய் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. அதன் குறியீடு எஸ்.டபிள்யூ. 305. பழைய டின்னிலேயே ஊற்றி, மூடி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் கை வைக்கச் சொல்லுங்கள்.