புதுவீடு வாங்குமுன்

(தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருட்டோடு எழுந்து, மரம் வெட்டி, பாலை நிறுவையில் கொடுத்துவிட்டு, ஓய்வுகொள்ள வேண்டிய வேளையில் இம்மண்டபத்திற்கு வந்திருக்கின்றீர்கள். ஆகவே முகவுரை வேண்டாம். நேரே செய்திக்கு வருகின்றோம்.

நீங்கள் குடியிருக்கும் லயத்து வீடு உங்களுடையதன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான 1990 ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட நிருவாகம் தரும் வீடு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று வரையறுத்ததேயன்றி, அவ்வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றித் தரவில்லை. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் நாளிலிருந்து 60 ஆக இருந்து வருகின்றது. அறுபது வயதில் பெட்டி படுக்கையுடன் வீடு தேடுவது எத்துணைத் துன்பம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. கித்தா மரங்கள் அழிந்து தாமான்களாக மாறிய தோட்டங்களிலிருந்து வெளியேறிய உறவினர் உங்களுள் பலருக்கும் இருப்பர்.

அதனால்தான், பட்டணத்து ஓரத்தில் புதிதாக எழும் வரிசை வீடுகளின் விளம்பரத் தாள் கைக்கு வந்ததும் மனம் துள்ளுகின்றது. வீடு வாங்கும் ஆசை நல்ல ஆசையே. ஆனால் சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கும் நாம், இருபது முப்பது ஆண்டு உழைப்பைக் கொட்டி வாங்கும் வீட்டை வண்ணப் படத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகின்றோம்.

மாதிரி வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். குளிர்ச்சாதனம், மெத்தென்ற நாற்காலி, சுவர் நிறையக் கண்ணாடி, சமையலறையில் பளபளக்கும் அலமாரி எல்லாம் இருக்கும். அவற்றுள் எவை உங்களுக்கு வரும், எவை காட்சிக்கு மட்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதப்பட்ட பொருள்களே உங்களுடையவை. விற்பனையாளர் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். கட்டில் சிறியதாகச் செய்யப்பட்டிருந்தால் அறை பெரியதாகத் தோன்றும்; ஆகவே ஓர் அளவு நாடாவைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்து, வீட்டைக் கட்டுபவர் யார்? நான்கு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் எந்த நிறுவனமும், 1966 ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். விளம்பரம் செய்வதற்கும் விற்பதற்கும் தனி அனுமதி எண் உண்டு. அவ்வெண்கள் விளம்பரத் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். காலாவதியாகும் தேதியும் இருக்கும். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் இணையத்தளத்தில் அந்த எண் உண்மையானதா, அந்நிறுவனம் கரும்பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பத்து நிமிட வேலை. நான்கு வீடுகளோ அதற்குக் குறைவாகவோ கட்டி விற்கும் குத்தகைக்காரரிடம் வாங்குவோருக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. வேளாண்மை நிலத்தைத் துண்டு போட்டு, "பங்கு" என்று விற்று, "பின்னால் வீடு கட்டிக் கொள்ளலாம்" என்பாரிடம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

அந்நிறுவனம் முன்பு கட்டிய தாமான் ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருவது மிக நன்று. மாலையில் வாசலில் அமர்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். வீடு சொன்ன காலத்தில் வந்ததா, கூரை ஒழுகுகின்றதா, பழுது என்று எழுதிக் கொடுத்தால் வந்து பார்க்கிறார்களா, நிலப்பட்டா கைக்கு வந்ததா? அலுவலகத்தில் பத்து முறை கேட்டாலும் கிடைக்காத விடை அங்கே தேநீர் நேரத்தில் கிடைத்துவிடும்.

இப்போது பணத்தைப் பற்றிப் பேசுவோம். இதில்தான் நம்மவர் பெரும்பாலோர் இடறுகின்றனர்.

220,000 வெள்ளி விலையுள்ள ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றை எடுத்துக் கொள்வோம். விலையில் 10 விழுக்காடு, அதாவது 22,000 வெள்ளி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது செலுத்த வேண்டும். எஞ்சிய 198,000 வெள்ளிக்கு வங்கிக் கடன். ஆண்டு வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 35 ஆண்டுத் தவணையில் மாதந்தோறும் ஏறக்குறைய 877 வெள்ளி கட்ட வேண்டும். இருபத்தைந்து ஆண்டில் முடிப்பதென்றால் மாதம் 1,045 வெள்ளி. முதல் வழியில் மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 368,000. இரண்டாம் வழியில் 313,500. கூட்டிக் கழித்தால் வேறுபாடு 54,000 வெள்ளிக்கும் மேல். இதை விற்பனையாளர் சொல்ல மாட்டார். மாதத் தவணை எவ்வளவு குறைவு என்பதை மட்டுமே சொல்வார்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளியாயிற்று. அச்சம்பளம் பெறும் ஒருவருக்குச் சேமநிதிக்கு 11 விழுக்காடாகிய 187 வெள்ளி போனால் 1,513 வெள்ளி எஞ்சும். அதில் 877 வெள்ளியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் தனியே குடும்பம் நடத்த இயலாது. கணவன் மனைவி இருவரும் உழைத்தால் இயலும். ஆனால் மழைக்காலத்தில் வெட்டு நாள்கள் குறையும், ஒருவர் நோயுற்றால் வருமானம் தடைப்படும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருவர் வருமானத்தையும் முழுதாக நம்பித் தவணையை நிர்ணயிப்பது எமக்கு உடன்பாடன்று.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்க்கு இன்னொரு கேள்வி. அறுபது வயதிற்குள் கடனை அடைக்க வேண்டுமென்றால் 15 ஆண்டுகளே உள்ளன. அப்போது தவணை 1,465 வெள்ளியாகிவிடும். அதனால் மகனையோ மகளையோ சேர்த்துக் கூட்டாகக் கடன் வாங்குகின்றனர். தவறில்லை. ஆனால் நிலப்பட்டாவில் யார் யார் பெயர், யாருக்கு எவ்வளவு பங்கு, மகனுக்குத் திருமணமாகித் தனிக்குடித்தனம் போனால் தவணையை யார் கட்டுவது என்பவற்றைக் கையெழுத்திடுமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். பின்னால் பேசினால் அது பேச்சாக இராது.

சேமநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். முன்பு இரண்டாம் கணக்கு என்று அழைக்கப்பட்டது, 2024 மே 11 முதல் செஜாத்ரா கணக்கு என்னும் பெயரில் உள்ளது. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டிய பிறகே அப்பணம் கிடைக்கும். ஆகவே முன்பணத்தை முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். அந்த இடைவெளியை நிரப்ப வட்டி முதலைகளிடம் போவோர் இருக்கின்றனர். வீடு வருமுன்னே வீட்டைக் கெடுக்கும் வழி அது.

விலைக்கு மேலும் செலவுண்டு. வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, நீர் மின்சார வைப்புத் தொகை, இரும்புக் கம்பிக் கதவு, சமையலறை மேடை, பின்னர் ஆண்டுதோறும் நிலவரி, கதவு வரி. முதல் வீடு வாங்குவோர்க்கு முத்திரை வரிச் சலுகைகள் அறிவிக்கப்படுவதுண்டு; நீங்கள் வாங்கும் காலத்தில் எச்சலுகை நடப்பில் உள்ளது என்று வழக்கறிஞரிடம் கேட்டறிக. இன்னொன்றும் உண்டு. வீடு கட்டப்படும்போதே வங்கி நிறுவனத்திற்குப் படிப்படியாகப் பணத்தைக் கொடுத்துவரும்; கொடுத்த அளவுக்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டும். பாதிக் கடன், அதாவது 99,000 வெள்ளி வெளியான நிலையில் மாத வட்டி 330 வெள்ளி. குடியேறாத வீட்டுக்கு வட்டி! கட்டுமானம் பாதியில் கைவிடப்பட்டாலும் வங்கிக் கடன் நின்றுவிடுவதில்லை. இவ்வபாயத்தைத் தவிர்க்க விரும்புவோர், 10 விழுக்காடு மட்டும் முதலில் செலுத்தி மீதியை வீடு முடிந்தபின் செலுத்தும் முறையில் விற்கப்படும் வீடுகளையோ, ஏற்கெனவே கட்டி முடிந்த வீடுகளையோ தேடலாம். எம்மைக் கேட்டால், சிறு வருமானக் குடும்பங்களுக்கு அதுவே ஏற்றது என்போம்.

ஒப்பந்தத்திற்கு முன் "பதிவுப் பணம்" என்று 500 அல்லது 1,000 வெள்ளி கேட்பார்கள். வீடமைப்பு விதிகளின்படி, ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் எந்தப் பெயரிலும் பணம் பெறக்கூடாது. "இன்றே கட்டாவிட்டால் மூலை வீடு போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள். ஈரப் பட்டையில் அவசரமாகக் கத்தி வைத்தால் பால் என்னாகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஒப்பந்தம் சட்டம் வகுத்த அமைப்பிலேயே இருக்க வேண்டும். வரிசை வீட்டுக்குக் ஜி அட்டவணை; அடுக்குமாடி வீட்டுக்கு எச் அட்டவணை. முன்னதில் 24 மாதத்திலும் பின்னதில் 36 மாதத்திலும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் நாள் கணக்கில் இழப்பீடு தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 வெள்ளி. இக்காலத்தை நீட்டித்துத் தர வீடமைப்புக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அதிகாரமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வாங்குவோர்க்குப் பெரும் ஆறுதல்.

நிறுவனத்தின் வழக்கறிஞரே உங்களுக்கும் வழக்கறிஞராக இருத்தல் சட்டப்படி கூடாது. "எங்கள் வழக்கறிஞர் எல்லாம் பார்த்துக்கொள்வார், கட்டணம் இலவசம்" என்றால், அவர் யாருக்காகப் பார்க்கின்றார் என்று கேளுங்கள். மலாய் அல்லது ஆங்கிலத்தில் உள்ள தாளில் புரியாமல் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளையைக் கொண்டு வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகையெனில் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது, மலாய் ஒதுக்கீட்டு நிலமா, நிலம் ஏற்கெனவே வங்கியில் அடகில் உள்ளதா? இவற்றை நில அலுவலகத்தில் உங்கள் வழக்கறிஞர் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இடத்தை நீங்களே பார்க்க வேண்டும். அதுவும் பெருமழை பெய்த மறுநாள் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றதைக் கண்டோம். தாழ்ந்த நிலமா, ஆற்றின் அருகா, வடிகால் எங்கே போய்ச் சேர்கின்றது என்று கேட்டறியுங்கள். மேட்டு நிலமானாலும் ஆராய்ச்சி வேண்டும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம், பின்னாலிருந்த மலைச்சரிவு சரிந்ததால் விழுந்து 48 உயிர்களைக் கொண்டது. வீட்டுக்குப் பின்னே வெட்டிய சிவந்த மண்சுவர் நின்றால், மழை பெய்தபின் அதிலிருந்து நீர் கசிகின்றதா என்று பாருங்கள்.

அவ்விடத்திலிருந்து விடியற்காலை வேலைக்கு எவ்வாறு செல்வது? பேருந்து உண்டா? மகள் தொழிற்சாலையில் இரவு முறை முடிந்து எவ்வாறு வீடு திரும்புவாள்? தமிழ்ப்பள்ளி எத்தனை மைல்? தோட்டத்தில் பள்ளி வாசலில் இருந்தது. தாமானில் பிள்ளைகளை வேனில் அனுப்ப மாதந்தோறும் ஆகும் செலவையும் தவணையோடு சேர்த்தே எண்ண வேண்டும். மருந்தகமும் கோயிலும் அருகில் உள்ளனவா என்பதை வயதானவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களும் அவ்வீட்டில்தான் வாழப் போகின்றனர்.

வீடு முடிந்து சாவி தரும்போது, கட்டட நிறைவு, இணக்கச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று பாருங்கள். 2007 ஏப்ரல் 12 முதல், ஊராட்சி மன்றம் அளித்துவந்த பழைய குடிபுகு சான்றிதழுக்கு மாற்றாக, பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ அதை வழங்குகின்றார்.

சாவி பெற்றவுடன் புதுமனை புகுவிழாவுக்கு நாள் பார்க்கின்றோம். அதற்கு முன் ஒரு வாளியும், ஒரு கோலிக்குண்டும், ஒரு குறிப்புப் புத்தகமும் எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்து பாருங்கள். குளியலறையில் நீரைக் கொட்டினால் துளைக்கு ஓடுகின்றதா, மூலையில் தேங்குகின்றதா? கோலி எந்தப் பக்கம் உருள்கின்றது? தரைக்கற்களைத் தட்டினால் வெற்றொலி வருகின்றதா? கதவு நிலையோடு உரசுகின்றதா? சுவரில் மூலைவாட்டில் வெடிப்பா? ஒவ்வொன்றையும் தேதியிட்டு எழுதி, படம் பிடித்து, கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் சொல்லாததற்குச் சமம்.

சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்கள் பழுதுப் பொறுப்புக் காலம். எழுத்து மூலம் அறிவித்த 30 நாளுக்குள் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். விலையில் 5 விழுக்காடு, அதாவது நம் எடுத்துக்காட்டில் 11,000 வெள்ளி, இதற்கென்றே வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்படுகின்றது. பாதி 8 மாதம் கழித்தும், மறுபாதி 24 மாதம் கழித்துமே நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் சரிசெய்யாவிடின், விதிப்படி செலவு மதிப்பீட்டை அறிவித்து, அவகாசம் கொடுத்து, பின்னர் நீங்களே சரிசெய்து அப்பணத்திலிருந்து பெறலாம். வெடிப்பைச் சுண்ணாம்பால் மறைத்து, மேலே சாமிப்படம் மாட்டிவிட்டு இருபத்தைந்தாவது மாதம் முறையிடுவதில் பயனில்லை.

நிறுவனம் இணங்காவிடின், 2002 டிசம்பர் முதல் இயங்கிவரும் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றம் உள்ளது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, உங்கள் வழக்கை நீங்களே எடுத்துரைக்கலாம். ஆனால் பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்த 12 மாதங்களுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீதுகள், முத்திரை பெற்ற கடித நகல்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருந்தால், மனுவை நிரப்ப உங்கள் பிள்ளைகளே போதும்.